அன்பையே அன்றாடத் தொழிலாக்கிய ஆசான் - ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்

கிறிஸ்துவின் அருளையும் அன்பையும் பற்றிப் பேசியோர் பலர். எழுதியோர் அவரினும் பலர். ஆயின் அவ்வன்பைத் துணி வெளுக்கும் தொட்டியிலும், ஏர் உழும் சாலிலும், மாணவனின் அறையிலும், ஏழை உழவனின் அடுப்பங்கரையிலும் நாள்தோறும் செய்து காட்டியவர் சிலரே. அச்சிலருள் ஒருவர், அமெரிக்க நாட்டில் அடிமைத் தாயின் மகனாகப் பிறந்து வேளாண் அறிஞராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர். கல்வியைத் தவிர வேறு முதல் இல்லாத ஒரு சமுதாயத்தின் இளைஞர்கள் அறிய வேண்டிய வரலாறு அவருடையது.

விலைக்கு வாங்கப்பட்ட தாய்

மிசௌரி மாநிலத்தில் டயமண்ட் என்னும் சிற்றூருக்கு அருகே மோசஸ் கார்வர் என்ற வெள்ளை உழவரின் பண்ணை இருந்தது. அங்கு விலைக்கு வாங்கப்பட்ட மேரி என்னும் அடிமைப் பெண்ணுக்கு, 1864ஆம் ஆண்டளவில் ஜார்ஜ் பிறந்தார். அடிமைகளின் பிறந்த நாளை எழுதி வைப்பார் எவருமிலர். ஆகவே தாம் பிறந்த நாளை அவர் இறுதிவரை அறியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கொள்ளைக் கூட்டம் தாயையும் சேயையும் கடத்திச் சென்றது. குழந்தை மட்டும் மீட்கப்பட்டது. மீட்டு வந்தவனுக்குக் கூலியாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டதாம். தாய் என்ன ஆனார் என்பதை எவரும் அறியார்.

அடிமை முறை ஒழிந்த பின்னும், மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவர் அண்ணன் ஜேம்ஸையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர். நோஞ்சானான ஜார்ஜ் வயல் வேலைக்கு ஏற்றவராக இல்லை. சமையல், துணி துவைத்தல், தையல், பூவேலை ஆகியவற்றை வீட்டிலேயே கற்றார். ஓய்வு நேரத்தில் காட்டுக்குள் சென்று செடிகளோடு உறவாடினார். வாடிய செடியைத் தழைக்கச் செய்யும் சிறுவன் என்று அண்டை அயலார் அவரைத் தேடி வரலாயினர்.

மரியா அம்மையார் தந்த கடன்

அருகிலிருந்த பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஏறத்தாழ எட்டு மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்னும் ஊரில் அவர்களுக்கென ஒரு பள்ளி இருந்தது. பன்னிரண்டு வயதளவில் தனியே அங்கு நடந்து சென்ற ஜார்ஜுக்கு ஆண்ட்ரூ, மரியா வாட்கின்ஸ் என்ற கறுப்பினத் தம்பதியர் அடைக்கலம் தந்தனர். மரியா அம்மையார் பேறுகாலம் பார்ப்பவர். வெளுப்பு வேலையும் செய்பவர். கார்வருடைய ஜார்ஜ் என்று உடைமைப் பொருளைப்போல் தம்மைச் சொல்லிக்கொண்ட சிறுவனிடம், இனி நீ ஜார்ஜ் கார்வர் என்று அவர் திருத்தியதாகச் சொல்வர். ஓர் அடிமைப் பெயர் அன்று மனிதப் பெயராயிற்று.

அவ்வம்மையார் ஜார்ஜுக்கு இரண்டைக் கொடுத்தார். ஒன்று வேதாகமம், அதனை அவர் தம் இறுதி நாள்வரை படித்தார். மற்றொன்று ஒரு கட்டளை: கற்கக்கூடிய அனைத்தையும் கற்க வேண்டும், கற்றதைத் தம் மக்களிடமே திரும்பக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். துணி வெளுத்து வயிறு வளர்த்த ஒரு பெண் தந்த இக்கட்டளையே கார்வரின் வாழ்க்கை முழுவதற்கும் அச்சாணி ஆயிற்று. அருள் என்பது இலவசமாக வருவது. ஆயின் பெற்றவன் அதனைப் பிறருக்குச் செலுத்தக் கடன்பட்டவன் என்பதை அவர் அங்கேயே கற்றார்.

மூடிய கதவும் திறந்த கதவும்

அதன்பின் ஊர் ஊராகச் சமையல் வேலையும் வெளுப்பு வேலையும் செய்து கான்சாஸ் மாநிலத்தில் கல்வியைத் தொடர்ந்தார். 1879இல் ஃபோர்ட் ஸ்காட் என்னும் ஊரில், ஒரு கறுப்பின மனிதரை வெறி கொண்ட கும்பல் கொலை செய்ததைக் கண்டார். அந்த ஊரை விட்டு உடனே வெளியேறினார். அக்காட்சி வாழ்நாள் முழுவதும் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. பின்னர் ஹைலண்ட் என்னும் ஊரிலிருந்த கல்லூரி, அஞ்சல் வழியாக அவர் விண்ணப்பத்தை ஏற்றது. ஆவலோடு வந்து நின்றவரின் நிறத்தைக் கண்டதும் திருப்பி அனுப்பியது. அக்கல்லூரியும் கிறிஸ்துவின் பெயராலேயே நிறுவப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. பெயரில் அன்பு இருந்தது, வாயிற்படியில் இல்லை.

கார்வரின் உள்ளம் உடைந்தது, எனினும் கசக்கவில்லை. 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓவியமும் இசையும் பயின்றார். உடன் பயின்ற மாணவரின் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் பிழைத்தார். அவர் அறையில் நாற்காலிகூட இல்லை என்பதைக் கண்ட வெள்ளை மாணவர்கள், அவர் இல்லாத நேரத்தில் தட்டுமுட்டுச் சாமான்களை வாங்கிக் கொண்டுவந்து வைத்தனர். தாமும் ஒரு மனிதர் என்று அங்கேதான் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1891இல் அயோவா மாநில வேளாண் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். அங்கு உணவுக் கூடத்தில் மற்ற மாணவரோடு உண்ண அவருக்கு இடம் தரப்படவில்லை. வேலையாட்களோடு கீழ்த்தளத்தில் உண்ணுமாறு சொல்லப்பட்டார். செய்தியறிந்து, சிம்ப்சன் கல்லூரி இருந்த ஊரிலிருந்து லிஸ்டன் என்ற வெள்ளையின அம்மையார் புறப்பட்டு வந்தார். அவர் உரை ஏதும் ஆற்றவில்லை. கார்வருடன் கீழ்த்தளத்திலேயே அமர்ந்து உண்டார். ஒருவேளைச் சாப்பாடுதான். ஆயினும் அதன்பின் கல்லூரியின் நடப்பு மாறத் தொடங்கியது. உடனமர்ந்து உண்ணுதலின் பொருளை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

மண்ணுக்குச் செய்த ஊழியம்

1896இல் முதுநிலைப் பட்டம் பெற்றபோது அக்கல்லூரியிலேயே ஆசிரியப் பணி அவருக்கு இருந்தது. அவ்வேளையில் அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீ கல்விக் கழகத்திலிருந்து புக்கர் டி. வாஷிங்டன் அழைப்பு விடுத்தார். அடிமைகளாயிருந்தோரின் மக்களுக்கென அடிமையாகப் பிறந்த ஒருவரே நடத்திய கழகம் அது. வசதியான இடத்தை விட்டு, வசதியற்ற இடத்திற்குக் கார்வர் சென்றார். மரியா அம்மையாரின் கட்டளை அவரை அழைத்தது என்றே கொள்ள வேண்டும்.

அங்கு ஆய்வுக்கூடம் இல்லை. மாணவரை அழைத்துக்கொண்டு குப்பைமேடுகளில் தேடி, உடைந்த புட்டிகள், பழைய பாத்திரங்கள், கம்பிகள் ஆகியவற்றைப் பொறுக்கி வந்து ஆய்வுக்கருவிகள் செய்தார். நிலமோ பன்னெடுங்காலம் பருத்தியையே மாற்றமின்றிப் பயிரிட்டதால் சத்திழந்து கிடந்தது. கறுப்பின உழவருள் பெரும்பாலோர் வாரத்துக்குப் பயிரிடுவோர். நிலக்கிழாரிடமும் கடைக்காரரிடமும் தீராக் கடனாளிகள். பின்னர்ப் பருத்திக்காயைத் துளைக்கும் கூன்வண்டும் வந்து சேர்ந்தது.

விலையுயர்ந்த உரத்தை வாங்க இயலாத உழவனுக்கு எது கைகூடும் என்பதே கார்வரின் கேள்வி. காட்டுச் சருகும் சதுப்பு நிலத்துச் சேறும் கொண்டு எரு செய்யக் கற்பித்தார். காராமணி, நிலக்கடலை போன்ற பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துத் தருவதால், அவற்றைப் பருத்தியோடு மாற்றி மாற்றிப் பயிரிடச் சொன்னார். நம் பக்கத்தில் மல்லாட்டை என்றும் மணிலா என்றும் வழங்கும் அதே நிலக்கடலைதான். மண்ணும் வளம் பெற்றது. ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகளுக்கும் நல்லுணவு கிட்டியது.

எழுத்தறியா உழவர் கழகத்தைத் தேடி வர இயலாது என்பதை உணர்ந்து, 1906இல் கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி ஒன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினர். அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். எளிய நடையில் 44 சிறு வெளியீடுகளைக் கார்வர் எழுதினார். அவற்றுள் 1916இல் வந்த ஒன்று, நிலக்கடலையை வளர்க்கும் முறையையும் அதனைச் சமைக்கும் 105 வழிகளையும் கூறுவது. அலபாமாவின் வண்ணக் களிமண்ணைக் கொண்டு ஏழைகளின் குடிசைகளுக்கும் கோயில்களுக்கும் செலவின்றிச் சாயம் பூசவும் கற்பித்தார். அழகு ஏழைக்கும் உரியது என்பது அவர் கருத்து.

அவரைப் பற்றி மிகைப்பட்ட கதைகளும் உலவுகின்றன. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்பது தவறு. அவர் உருவாக்கிய நூற்றுக்கணக்கான பொருள்களுள் கடைக்கு வந்தவை மிகச் சிலவே. அவர் பெருமை அவற்றில் இல்லை; ஏழையின் கைக்கு எட்டும் அறிவைத் தேடியதில் இருக்கிறது.

அன்றாட வாழ்வு

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து காட்டில் தனியே உலாவி, கடவுளோடு பேசுவதும் செடிகளைச் சேகரிப்பதும் அவர் வழக்கம். ஞாயிறுதோறும் மாலையில் மாணவர்க்கு வேத வகுப்பு நடத்தினார். சிலரோடு தொடங்கிய அவ்வகுப்பில் நூற்றுக்கு மேற்பட்டோர் கூடலாயினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது நடந்தது. ஒரு பூவையோ கல்லையோ கையில் வைத்துக்கொண்டு படைத்தவனைப் பற்றிப் பேசுவார். பிரிந்து சென்ற மாணவர்க்குத் தந்தையைப்போல் கடிதம் எழுதுவார். மணம் செய்துகொள்ளாமல் மாணவர் விடுதி அறையிலேயே வாழ்ந்தார். பழைய கோட்டும், அதில் அன்று பறித்த ஒரு பூவுமே அவர் அணிகலன்.

1921இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிலக்கடலை விவசாயிகளுக்காகச் சான்று கூற வந்தபோது, அவருக்குத் தரப்பட்ட நேரம் பத்து நிமிடம். அவர் இனத்தைச் சுட்டிக் கேலி பேசியவரும் இருந்தனர். சினம் கொள்ளாமல், குழையவும் செய்யாமல் தம் பொருளையே பேசினார். குழுவினர் நேரத்தை நீட்டித்துக்கொண்டே சென்றனர், முடிவில் கைதட்டினர். 1930களில் இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கியோர் திரளாக அவரைத் தேடி வந்தபோது, கூலியின்றித் தம் கையாலேயே எண்ணெய் தேய்த்துவிட்டார். அவ்வெண்ணெய்க்கு நோய் தீர்க்கும் ஆற்றல் இல்லை. ஆயினும் தேய்த்துவிட்டதால் ஆறுதல் பெற்றோர் பலர்.

தமக்கெனச் செலவிடாது சேர்த்த ஏறத்தாழ 60,000 டாலரையும், இளைஞர் ஆய்வு செய்வதற்கான அறக்கட்டளைக்கே அளித்தார். 1943ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார். அவ்வாண்டே அவர் பிறந்த பண்ணை தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவருக்கு அவ்வாறு செய்யப்பட்டது அதுவே முதன்முறை.

அன்பு அடங்கிப் போதலா?

இங்கு நம் இளைஞர் ஒரு வினா எழுப்பக்கூடும். நிறவெறிக் கொடுமையைக் கண்டித்துக் கார்வர் வெளிப்படையாகப் போராடவில்லையே. இவ்வன்பு அடிமைத்தனத்திற்குத் துணைபோகாதா? இவ்வினா நியாயமானது. அவர் காலத்திலேயே அவ்வாறு குறை கூறியோர் உண்டு. அவருடைய வழி ஒன்றே போதுமானதாக இருக்கவில்லை என்பதை வரலாறு காட்டிவிட்டது. சட்டத்தை மாற்றப் போராட்டம் வேண்டியிருந்தது. பேருந்தில் எழுந்து இடம்விட மறுத்து 1955இல் அப்போராட்டத்திற்கு வித்திட்ட ரோசா பார்க்ஸ், கார்வர் பணி செய்த அதே டஸ்கிகீ ஊரில் 1913இல் பிறந்தவர். அவரும் ஆழ்ந்த கிறிஸ்தவப் பற்றுடையவர். உழைத்துக் கொடுத்த அன்பும், எழ மறுத்த அன்பும் ஒரே வேரில் கிளைத்தவையே. ஒன்றைப் போற்றி மற்றொன்றைப் பழிக்க வேண்டுவதில்லை.

கார்வர் வெறுக்க மறுத்தார். ஆயின் தம்மைத் தாழ்ந்தவர் என்று ஏற்கவும் மறுத்தார். இவ்விரண்டையும் ஒருங்கே செய்தல் அரிது. அதனினும் அரிது, உயர்ந்தபின் திரும்பி வருதல். படித்து உயர்ந்தோர் தம் மக்களை மறந்துவிட்டனரே என்று அண்ணல் அம்பேத்கர் 1956இல் ஆக்ராவில் மனம் வருந்தினார். அவ்வருத்தத்திற்கு விடையாக வாழ்ந்து காட்டிய ஒருவர், அமெரிக்காவின் செம்மண்ணில் அதற்கு முன்னரே இருந்திருக்கிறார்.

இளைஞர்களே! உங்கள் கல்விக்குப் பின்னால் உங்கள் மரியா அம்மையார் ஒருவர் இருப்பார். களையெடுத்த கூலியில் கட்டணம் செலுத்திய தாயாக இருக்கலாம். விடுதியில் சோறு பொங்கிப்போட்ட சமையற்காரராக இருக்கலாம். தம் வீட்டு விளக்கடியில் இடம் தந்த அண்டை வீட்டாராக இருக்கலாம். நீங்கள் எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும் அக்கடன் உங்களுக்கு உண்டு. பட்டம் பெற்றபின், சேரியில் ஒரு பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒரு முதியவருக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுங்கள். அருளும் அன்பும் வாழ்வது அங்கேதான். கார்வர் தம் கடனைத் தீர்த்துவிட்டுச் சென்றார். நம் கடன் இன்னும் நிலுவையில் இருக்கிறது.