அண்டிரிக் அடிகளார்

அண்டிரிக் அடிகளார் (ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், 1520 - 1600) முத்துக்குளித்துறையில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய போர்த்துக்கீச இயேசு சபைத் துறவி ஆவார். தமிழ் எழுத்தில் முதல் அச்சு நூலை வெளிக்கொணர்ந்தமையால் தமிழ் அச்சுக்கலையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

இளமை

போர்த்துக்கல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். யூத மரபில் வந்தவர் என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து விலக நேர்ந்தது. பின்னர் கொயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் பயின்று, 1545ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1546ல் கோவா வந்தடைந்த இவரை, மறு ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார்.

முத்துக்குளித்துறையில்

முத்துக்குளிக்கும் உரிமை தொடர்பான பூசல்களில் போர்த்துக்கீசரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535 - 1537 ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். ஆனால் ஏற்றுக்கொண்ட சமயத்தின் போதனையை அவர்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்வோர் இல்லை. தொடக்ககால மொழிபெயர்ப்பில் 'விசுவசிக்கிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' எனும் பொருள்படும் சொல் இடம்பெற்றிருந்ததைச் சவேரியாரே கண்டு திருத்தினார்.

பாவ அறிக்கையில் இக்குறை மேலும் பெரிதாயிற்று. கத்தோலிக்கப் போதனைப்படி மனிதன் தன் முயற்சியால் மட்டும் பாவத்திலிருந்து விடுபட இயலாது. விடுதலை இறைவன் கொடையாகத் தரும் அருளால் வருவது. திருமுழுக்கிற்குப் பின் செய்த பாவங்களுக்கு மனம் வருந்தி, குருவிடம் அவற்றை அறிக்கையிட்டு, பிறருக்கு இழைத்த தீங்கை ஈடுசெய்து, நேரிய வாழ்வுக்குத் திரும்ப வேண்டும். மறைவாகச் சொல்ல வேண்டிய இவ்வறிக்கையை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாகச் சொல்வது மக்களுக்குப் பெருந்தடையாக இருந்தது. அண்டிரிக் அடிகளார் சில மாதங்களிலேயே தமிழில் பேசும் திறன் பெற்று, மொழிபெயர்ப்பாளர் துணையின்றி அறிக்கை கேட்கலானார். உடன் பணியாற்றிய குருக்களும் தமிழ் கற்க வேண்டுமென வற்புறுத்தினார்.

1549ல் அந்தோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்ட பின் இப்பகுதியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயலில் மருத்துவமனை ஒன்றை நிறுவினார். இவ்வூர், தூத்துக்குடியிலிருந்து முத்தையாபுரம், பழையகாயல் வழியாகத் திருச்செந்தூர் செல்லும் நெடுஞ்சாலைக்குக் கிழக்கே அமைந்துள்ளது.

தமிழ்ப்பணி

ஐரோப்பியர் தமிழ் கற்பதற்காக, போர்த்துக்கீச மொழியில் தமிழ் இலக்கண நூல் ஒன்றை எழுதினார். இது அவர் காலத்தில் அச்சேறவில்லை. 1982ல் பதிப்பிக்கப்பட்டது, ஆங்கில மொழிபெயர்ப்பு 2013ல் வெளிவந்தது.

இவரது அச்சு நூல்கள்:

* தம்பிரான் வணக்கம் (1578) - கொல்லத்தில் அக்டோபர் 20 அன்று அச்சிடப்பட்டது. 16 பக்கங்கள் கொண்ட மறைக்கல்விச் சிறுநூல். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே.
* கிரிசித்தியானி வணக்கம் (1579) - கொச்சியில் அச்சிடப்பட்டது. மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய வினா விடை நூலின் மொழிபெயர்ப்பு.
* கொம்பெசியொனாயரு (1580) - பாவ அறிக்கைக்கு ஒருவர் தம் மனச்சான்றை ஆராய்ந்து ஆயத்தம் செய்ய உதவும் கையேடு.
* அடியார் வரலாறு (1586) - புனிதர்களின் வாழ்க்கை வரலாறு. 600 பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல்.

1554ல் லிஸ்பனில் வெளியான கார்த்தில்யா என்னும் தமிழ் மறைக்கல்வி நூல் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்டதாகும்.

நடை

இவரது உரைநடை செந்தமிழ் நடை அன்று. கடற்கரை மக்களின் பேச்சு வழக்கை ஒட்டியது. மறையியல் கருத்துகளுக்குப் போர்த்துக்கீசச் சொற்கள் பலவற்றை அப்படியே எடுத்தாண்டார். பிற்காலத்தில் வந்த தத்துவ போதகர், வீரமாமுனிவர் ஆகியோர் வேறு நடைகளைக் கையாண்டனர். எனினும் 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரைத் தமிழை அறிய இந்நூல்கள் அரிய சான்றுகளாக உள்ளன.

மறைவு

1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் காலமானார். அவரது உடல் தூத்துக்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.