மை உலராத எழுதுகோல்: இமாம் தபரீ (ரஹ்) அவர்களின் வாழ்வு

எழுத்தாற்றல் ஒரு சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று எண்ணி, நம்மில் பலர் எழுதுகோலைத் தொடாமலேயே இருந்துவிடுகிறோம். நாள் தவறாத பயிற்சியால்தான் அது வளர்கிறது என்பதற்கு இமாம் அபூ ஜஃபர் முஹம்மது இப்னு ஜரீர் அத்தபரீ (ரஹ்) அவர்களின் வாழ்வு தக்க சான்றாகும்.

காஸ்பியன் கடலுக்குத் தெற்கேயுள்ள தபரிஸ்தான் பகுதியின் ஆமுல் நகரில், கி.பி. 839ஆம் ஆண்டளவில் இமாமவர்கள் பிறந்தார்கள். ஏழு வயதில் திருக்குர்ஆனை மனனம் செய்தார்கள். எட்டு வயதில் மக்களுக்குத் தொழுகை நடத்தினார்கள். ஒன்பது வயதில் ஹதீஸ்களை எழுதத் தொடங்கினார்கள். அன்று பிடித்த எழுதுகோலை இறுதி மூச்சுவரை அவர்கள் கீழே வைக்கவில்லை.

ரய் நகரில் ஓதிய காலத்தில், அவர்களுடைய உஸ்தாத் இப்னு ஹுமைத் அவர்கள் ஒவ்வோர் இரவும் பலமுறை மாணவர்களிடம் வந்து, எழுதியவற்றைக் கேட்டறிந்து, அவற்றை அவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். ஊருக்கு வெளியே இருந்த மற்றோர் உஸ்தாதிடமும் பாடம் கேட்டுவிட்டு, இந்த வகுப்புக்குத் தாமதமாகிவிடக் கூடாதே என்று மாணவர்கள் பித்தர்களைப் போல ஓடிவருவார்களாம். எழுதுவதும் எழுதியதை உடனே சரிபார்ப்பதும் அந்த இளம் வயதிலேயே அவர்களுக்குப் பழக்கமாகிவிட்டன.

பின்னர் பஸரா, கூஃபா, ஷாம், மிஸ்ரு எனப் பயணம் செய்து கல்வி தேடினார்கள். தந்தையார் அனுப்பும் பணம் வரத் தாமதமானபோது, தம் சட்டையின் கைப்பகுதிகளை வெட்டி விற்றுச் செலவு செய்ய நேர்ந்தது. அப்போதும் கல்வியை அவர்கள் கைவிடவில்லை.

இறுதியில் பக்தாதில் நிலைபெற்றபின், அவர்களின் பொழுது வரையறுக்கப்பட்டிருந்தது. லுஹர் தொழுததும் அஸர்வரை நூல் எழுதுவார்கள். அஸருக்குப் பின் மஃக்ரிப்வரை மாணவர்கள் படிக்கக் கேட்பார்கள். மஃக்ரிபுக்குப் பின் இஷாவரை ஃபிக்ஹுப் பாடம் நடத்துவார்கள். நாற்பது ஆண்டுகள் நாளொன்றுக்கு நாற்பது தாள்கள் எழுதினார்கள் என்று ஓர் அறிவிப்பு உண்டு. பருவ வயது முதல் வஃபாத்வரை கணக்கிட்ட மாணவர்கள், நாளொன்றுக்குப் பதினான்கு தாள்கள் என்று கூறினர்.

எனினும் பக்கங்களின் பெருக்கம் மட்டுமே அவர்களின் சிறப்பன்று. முப்பதாயிரம் தாள்களில் தஃப்ஸீர் எழுதப் போவதாக அவர்கள் கூறியபோது, அது முடியுமுன் எங்கள் ஆயுளே முடிந்துவிடுமே என்று மாணவர்கள் மலைத்தனர். மாணவர்களின் ஊக்கம் குன்றியதற்காக வருந்திய இமாமவர்கள், அதனை மூவாயிரம் தாள்களாகச் சுருக்கினார்கள். வரலாற்று நூலிலும் அவ்வாறே செய்தார்கள். விரிவாக எழுதவும் வேண்டியபோது சுருக்கவும் வல்ல அந்தத் தேர்ச்சி, அன்றாடப் பயிற்சியின் கனியன்றி வேறென்ன?

ஹிஜ்ரி 310இல் (கி.பி. 923) மரணப் படுக்கையில் இருந்த வேளையில், ஒருவர் ஒரு துஆவைச் சொல்லக் கேட்டார்கள். உடனே மைக்கூட்டையும் தாளையும் வரவழைத்து அதை எழுதிக்கொண்டார்கள். இந்த நிலையிலுமா என்று வியந்தவருக்கு, மனிதன் மரணம்வரை கல்வியைப் பெறத் தவறலாகாது என்று உணர்த்திவிட்டு, சிறிது நேரத்தில் வஃபாத்தானார்கள்.

பெரியோர்களே! நம் பிள்ளைகள் அழகாக ஓதுகிறார்கள். ஆனால், ஓதியதன் பொருளைத் தாமாக நான்கு வரிகளில் எழுதச் சொன்னால் தயங்குகிறார்கள். நாற்பது தாள்கள் வேண்டாம், நாள்தோறும் அரைப் பக்கம் எழுதட்டும். இப்னு ஹுமைத் அவர்களைப் போல, அதைக் கேட்டுப் படித்துப் பார்க்க வீட்டில் ஒருவர் இருக்கட்டும். சிறிதாயினும் நிலையாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்பது நபி (ஸல்) அவர்களின் போதனையல்லவா? அந்த நிலைத்தன்மையை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் சந்ததியினருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.