மைக்கூடும் மகுடமும்

தலைமைத்துவம் பற்றியும் தொழிலில் முன்னேறுவது பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் ஒரு தட்டையே நிறைத்து நிற்கின்றன. உயர்தரப் பரீட்சை முடிந்த கையோடு அவற்றை வாங்கி வாசிக்கும் சகோதரிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். அவற்றை எழுதியவர்களுள் எத்தனை பேர் ஒரு காரியாலயத்தையேனும் நடத்திப் பார்த்தவர்கள் என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர் அப்படியொரு நூலை எழுதிய ஒருவரைப் பற்றி இந்த ஐயத்துக்கே இடமில்லை. மத்திய ஆசியாவிலிருந்து சிரியா வரை பரந்த பேரரசை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தியவர் அவர். ஸல்ஜூக்கிய வஸீர் நிஸாமுல் முல்க்.

இயற்பெயர் ஹஸன் இப்னு அலீ. ஹிஜ்ரி 408 இல் (கி.பி. 1018) குராஸானின் தூஸ் நகருக்கு அருகே பிறந்தார். தந்தை கஸ்னவி அரசின் கீழ் வரி உத்தியோகத்தராக இருந்தவர். பால்குடிப் பருவத்திலேயே தாய் இறந்துபோனார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தந்தை வீடு வீடாகச் செல்ல, இரக்கமுள்ள பெண்கள் கூலி வாங்காமல் பாலூட்டினார்களாம். பதினொரு வயதளவில் அல்குர்ஆனை மனனம் செய்து முடித்தார். பின்னர் ஷாபிஈ பிக்ஹையும் ஹதீஸையும் கற்றார். உமர் கையாமும் ஹஸன் ஸப்பாஹும் இவரும் ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் என்றொரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் கையாம் இவருக்கு முப்பது வயது இளையவர் என்பதால் நம்புவதற்கில்லை.

1040 இல் ஸல்ஜூக்கியர் கஸ்னவிகளை வென்றனர். சில காலத்தின் பின் ஹஸன் புதிய ஆட்சியாளரிடம் எழுத்தராகச் சேர்ந்து, இளவரசர் அல்ப் அர்ஸலானின் நம்பிக்கையைப் பெற்றார். அல்ப் அர்ஸலான் ஸுல்தானானதும் பழைய வஸீர் அல்குந்துரீ பதவியிழந்து, பின்னர் கொல்லப்பட்டார். ஹஸன் வஸீரானார். ஆட்சியின் ஒழுங்கு என்று பொருள்படும் நிஸாமுல் முல்க் என்ற பட்டமும் கிடைத்தது. வஸீர்களைக் கொல்லும் வழக்கத்தை நீ ஆரம்பித்து வைத்தாய், அது உன்னிடமும் வந்து சேரும் என்ற கருத்தில் அல்குந்துரீ சாகுமுன் செய்தி அனுப்பியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அவருடைய உயர்வு இரத்தக் கறையில்லாத உயர்வல்ல என்பதை மறைக்கத் தேவையில்லை.

அல்குந்துரீயின் காலத்தில் குராஸானின் மிம்பர்களில் அஷ்அரீ உலமாக்கள் சபிக்கப்பட்டனர். இமாம் அல்குஷைரீ சிறையில் அடைக்கப்பட்டார். இமாம் அல்ஜுவைனீ நாட்டைவிட்டு வெளியேறி மக்காவிலும் மதீனாவிலும் தங்கினார். அதனாலேயே அவருக்கு இமாமுல் ஹரமைன் என்று பெயர். புதிய வஸீர் அந்தச் சாபத்தை நிறுத்தினார். திரும்பி வந்த ஜுவைனீக்காக நைஸாபூரில் மத்ரஸா கட்டினார். பக்தாத், இஸ்பஹான், ஹெராத், பல்க் என்று நிஸாமிய்யாக்கள் பெருகின. பணம் வக்பிலிருந்து வந்தது, ஆசிரியருக்குச் சம்பளம், மாணவருக்கு உதவித்தொகை. 1067 இல் பக்தாத் மத்ரஸா திறக்கப்பட்ட அன்று ஒரு சங்கடம் நேர்ந்தது. கூட்டம் திரண்டு காத்திருக்க, தலைமை ஆசிரியராக நியமிக்கப்பட்ட அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸி வரவில்லை. கட்டடத்துக்கான பொருட்கள் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று கேள்விப்பட்டு ஒதுங்கிவிட்டார். இருபது நாட்கள் வரை வேறொருவர் பாடம் நடத்திய பின்னரே அவரை இணங்கவைக்க முடிந்தது. பேரரசின் வஸீரையே காத்திருக்க வைத்த அந்த ஆசிரியரை எனக்கு மிகவும் பிடிக்கும். பிற்காலத்தில், 1091 இல், அதே ஆசனத்துக்கு நிஸாமுல் முல்க் அனுப்பிவைத்தவர்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்).

1072 இல் அல்ப் அர்ஸலான் கொல்லப்பட்டபோது அவருடைய மகன் மலிக்ஷாவுக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. ஆட்சியின் பாரம் முழுவதும் வஸீரின் மேல் விழுந்தது. அக்காலத்துச் சம்பவம் ஒன்று. ஜைஹூன் நதியைப் படை கடந்தபோது, ஓடக்காரர்களின் கூலியை மத்தியதரைக் கடலோரத்துக்கு அண்மையிலுள்ள அந்தாக்கியா நகரின் வருமானத்திலிருந்து பெறும்படி சீட்டு எழுதிக் கொடுத்தார். ஏழைகள் ஸுல்தானிடம் முறையிட்டனர். எவ்வளவு தூரம் ஒரே ஆட்சி செல்லுகிறது என்பதைப் பின்வருவோர் அறியட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்ததாக விளக்கிவிட்டு, அவர்களுக்குரியதை அங்கேயே கொடுக்கச் செய்தார்.

ஆட்சியில் என்ன குறை இருக்கிறது என்று எழுதித் தருமாறு மலிக்ஷா தன் அதிகாரிகள் பலரிடம் கேட்டார். வந்தவற்றுள் அவருக்குப் பிடித்தது வஸீர் எழுதியது. முதலில் 39 அத்தியாயங்கள், பின்னர் சேர்த்தவை 11. பாரசீக மொழியில் அமைந்த அந்நூலே ஸியாஸத் நாமா. வாரத்தில் இரண்டு நாள் ஆட்சியாளர் அமர்ந்து, இடையில் எவருமின்றி மக்களின் முறைப்பாடுகளைத் தானே கேட்க வேண்டும். நீதிபதிக்குப் போதிய சம்பளம் கொடுக்க வேண்டும், அப்போதுதான் அவர் கைநீட்டத் தேவையிராது. ஒருவருக்கு இரண்டு பதவி கொடுத்தால் இரண்டும் கெடும், ஒரு பதவியை இருவருக்குக் கொடுத்தால் ஒருவர் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார். நூலில் கதைகளும் நிறைய உண்டு. நவ்ஷேர்வான் மன்னர் தொங்கவிட்ட முறைப்பாட்டு மணிச் சங்கிலியில், எசமானால் கைவிடப்பட்ட கிழட்டுக் கழுதையொன்று வந்து உரசிய கதை அதிலுள்ளது. கழுதைக்கும் நீதி கிடைத்தது.

இவ்வளவு எழுதியவரின் சொந்த வீடு வேறு மாதிரி இருந்தது. பிள்ளைகளும் பேரர்களும் மருமக்களும் மாகாணங்களிலும் திணைக்களங்களிலும் நிறைந்திருந்தனர். மர்வில் அதிகாரியாக இருந்த பேரன் ஸுல்தானின் ஆளை அவமதித்தபோது மலிக்ஷா பொறுமையிழந்தார். நீர் என் அரசில் பங்காளியா என்று கேட்டனுப்பினார். என் மைக்கூடும் உமது மகுடமும் ஒன்றோடொன்று பிணைந்தவை, ஒன்று போனால் மற்றதும் போகும் என்பதே கிழவரின் பதிலின் சாரம்.

இனி, பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு விடயம். அந்நூலின் 42ஆம் அத்தியாயம், அரண்மனைப் பெண்கள் ஆட்சி விடயத்தில் தலையிடக் கூடாதென்று கடுமையாக வாதிடுகிறது. வாசிக்கும்போது மனம் சுருங்குகிறது. அப்போது மலிக்ஷாவின் மனைவி தெர்கன் காதூன் தன் சிறு பாலகனை வாரிசாக்க முயன்றுகொண்டிருந்தார். வஸீரோ மற்றொரு மனைவியின் மகனான பர்கியாருக்கை ஆதரித்தார். தெர்கன் காதூனின் அதிகாரியான தாஜுல் முல்க் வஸீரின் பதவிக்குக் குறிவைத்திருந்தார். அத்தியாயத்தின் காரத்துக்கு இந்தப் பகையும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். அதே குராஸானைச் சேர்ந்த கரீமா அல்மர்வஸிய்யா மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்தவர். அவரிடம் பாடம் கேட்டவர்களுள் பக்தாதின் பேரறிஞர் அல்கதீபும் ஒருவர். இமாம் அல்குஷைரீயின் மனைவி பாத்திமாவும் நைஸாபூரில் ஹதீஸ் அறிவித்தார். இதெல்லாம் வஸீர் அறியாததாக இருக்க முடியாது.

ஆயினும் அவருடைய நடத்தை சில வேளை அவருடைய பேனையைவிட மேலாக இருந்தது. உணவருந்தும்போது முறையிட வந்த ஏழைப் பெண்ணொருத்தியை வாயிற்காவலர் துரத்திவிட்டார். அமீர்களும் பெரியவர்களும் என்னிடம் வரத் தாமே வழி காண்பார்கள், உன்னை வைத்திருப்பது இவளைப் போன்றவர்களுக்காகவே என்று வஸீர் அவரைக் கண்டித்தாராம்.

ஹிஜ்ரி 485 ரமழான் பிறை 10 (1092 ஒக்டோபர்). ஸுல்தானின் பரிவாரம் இஸ்பஹானிலிருந்து பக்தாதுக்குப் பயணப்பட்டு நஹாவந்துக்கு அருகே தங்கியிருந்தது. நோன்பு திறந்த பின் நிஸாமுல் முல்க் பல்லக்கில் தன் குடும்பத்தாரின் கூடாரத்துக்குச் சென்றுகொண்டிருந்தார். ஸூபி உடையணிந்த இளைஞனொருவன் மனுவை நீட்டியபடி நெருங்கினான். யாரும் தடுக்கவில்லை. மனுவை வாங்கக் கை நீட்டியவரின் மார்பில் கத்தி இறங்கியது. அனுப்பியது ஹஸன் ஸப்பாஹின் கூட்டத்தினர் என்று பெரும்பாலோர் எழுதினர். தாஜுல் முல்க்கையும் ஸுல்தானையும்கூடச் சிலர் சந்தேகித்தனர்.

ஏறத்தாழ ஐந்து வாரத்தில் மலிக்ஷாவும் பக்தாதில் வபாத்தானார். பிள்ளைகளிடையே போர் மூண்டது. தாஜுல் முல்க்கை நிஸாமின் சேவகர்கள் பழிவாங்கிக் கொன்றனர். ஸியாஸத் நாமாவின் கைப்பிரதி, வஸீர் புறப்படுமுன் ஒப்படைத்துச் சென்ற எழுத்தரிடம் இருந்தது. குழப்பம் அடங்கும் வரை அவர் அதை யாருக்கும் காட்டத் துணியவில்லை.