முற்றுப்பெறாத ஓட்டம்

ஈகை என்றவுடன் தமிழ் பயிலும் மாணவர் நினைவுக்கு வருவோர் கடையெழு வள்ளல்கள். அவர்களை அடுத்து, இறந்த பின்னும் கொடுத்தவர் என்று போற்றப்படும் சீதக்காதி வள்ளல் வருவார். இவர்கள் அனைவரும் பொருள் உடையோர். உள்ளதை வரையாது வழங்கினர், புலவர் பாடினர். கையில் பொருள் ஏதுமற்ற ஒருவர் பிறர்க்கு எதைக் கொடுக்க இயலும்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிச் சென்றவர் கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ். அவர் வாழ்ந்தது 23 ஆண்டுகள்கூட அன்று.

இளமைப் பருவம்

டெர்ரி 1958-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள் மானிடோபா மாநிலத்து வின்னிப்பெக் நகரில் பிறந்தார். தந்தையார் ரோலி ஃபாக்ஸ் இரயில்வேயில் பணியாற்றியவர். தாயார் பெயர் பெட்டி. நான்கு மக்களுள் இவர் இரண்டாமவர். பின்னர்க் குடும்பம் மேற்குக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, போர்ட் கொக்கிட்லம் என்னும் ஊரில் நிலைகொண்டது.

பள்ளிப் பருவத்தில் டெர்ரிக்குக் கூடைப்பந்தின்மேல் தீராத வேட்கை. ஆயின் உயரமோ குறைவு; ஆட்டத் திறனும் அத்துணை இல்லை. உடற்பயிற்சி ஆசிரியர், நெடுந்தூர ஓட்டமே அவருக்கு ஏற்றது என்று கருதி அதில் பழகச் சொன்னார். ஓட்டத்தில் விருப்பமில்லாத போதிலும், ஆசிரியர்பால் கொண்ட மதிப்பினால் ஓடினார். கூடைப்பந்தையும் விட்டாரல்லர். இடைவிடாத பயிற்சியால் பள்ளி அணியில் இடம் பெற்றார். பள்ளி இறுதியாண்டில், சிறந்த விளையாட்டு வீரர் விருதைத் தம் நண்பர் டக் ஆல்வர்டுடன் பகிர்ந்துகொண்டார். பின்னர்ச் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் உடலியக்கவியல் பயிலச் சேர்ந்தார். உடற்பயிற்சி ஆசிரியராக வேண்டும் என்பதே அவர்தம் கனவு.

நோயும் சிறார் துயரும்

1977 மார்ச்சில் வலக் கால் முழங்காலில் தாங்கொணா வலி கண்டது. எலும்பில் புற்றுநோய் என்று மருத்துவர் கண்டறிந்தனர். முழங்காலுக்கு மேலே கால் வெட்டி எடுக்கப்பட்டபோது டெர்ரிக்கு வயது 18. பிழைத்தெழும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்றும், சில ஆண்டுகளுக்கு முன்பாயின் அது நூற்றுக்குப் பதினைந்தே என்றும் அவருக்குச் சொல்லப்பட்டது. இவ்விரண்டு எண்களுக்கும் இடையே நின்றது மருத்துவ ஆராய்ச்சி ஒன்றே. தம் உயிருக்கு யாரோ ஒருவர் கொடுத்த பொருளும் யாரோ ஒருவர் செய்த ஆய்வும் அரணாயின என்பதை அவர் உணர்ந்தார்.

பதினாறு மாதங்கள் மருந்துச் சிகிச்சை தொடர்ந்தது. புற்றுநோய் மருத்துவமனையில் தம்மினும் இளையோர் பலர் துடிப்பதை அவர் கண்டார். முகமலர்ச்சியோடு இருந்த சிறார் நாளடைவில் சிரிப்பை மறந்தனர். சில கட்டில்கள் வெறுமையாயின. தாம் பிழைத்து வீடு திரும்ப, அவர்கள் அங்கேயே கிடந்தனர் என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. பிழைத்தவனுக்கு ஒரு கடமை உண்டு என்று அவர் முடிவு செய்தார்.

ஆயத்தம்

ஒற்றைக் காலுடன் நியூயார்க் மாரத்தானில் ஓடி முடித்த ஒருவரைப் பற்றிய கட்டுரையை, அறுவைக்கு முந்தைய இரவில் பயிற்சியாளர் ஒருவர் அவரிடம் கொடுத்திருந்தார். அன்று விழுந்த விதை இப்போது முளைத்தது. கனடாவைக் கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல்வரை ஓடியே கடப்பது, வழியெல்லாம் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவது என்று உறுதி பூண்டார். தாயார் தடுத்தார், தந்தையாரோ எப்போது புறப்படப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். ஓராண்டுக்கு மேலாக ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் ஓடிப் பழகினார். 1979-இல் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் ஒரு நெடும்போட்டியில் கலந்துகொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார். கூடியிருந்தோர் கண்ணீர் மல்க அவரை வரவேற்றனர்.

மாபெரும் ஓட்டம்

1980 ஏப்ரல் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்து ஓட்டத்தைத் தொடங்கினார். நண்பர் டக் வண்டியோட்டி உடன் வந்தார். நாள்தோறும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர், அதாவது ஒவ்வொரு நாளும் ஒரு முழு மாரத்தான் தொலைவு. இரும்பும் கண்ணாடியிழையும் கொண்ட செயற்கைக் கால் ஓரடி வைக்க, நல்ல கால் ஈரடி துள்ள வேண்டும். வெட்டுண்ட பகுதி உராய்ந்து கொப்புளம் கண்டது, குருதி கசிந்தது. பனியும் எதிர்காற்றும் வருத்தின. தொடக்கத்தில் அவரை ஏறெடுத்துப் பார்ப்பாரும் அரியர். களைப்பினால் நண்பர் இருவருக்கும் பிணக்குற்றுப் பேச்சே அற்றுப்போன நாள்களும் உண்டு. பெற்றோர் வந்து இணக்கம் செய்ய நேர்ந்தது.

எனினும் போர்ட் ஓ பாஸ்க் என்னும் சிற்றூர் அவருக்கு நம்பிக்கை ஊட்டியது. ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த அவ்வூர் 10,000 டாலர் திரட்டித் தந்தது. ஆளுக்கு ஒரு டாலர்! கனடாவில் வாழும் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தரவேண்டும் என்பதே பின்னர் அவர் வேண்டுகோளாயிற்று.

ஒன்டாரியோ மாநிலத்துள் நுழைந்தபோது நிலைமை மாறியது. ஊர்தோறும் மக்கள் திரண்டனர். டொராண்டோவில் ஏறத்தாழ 10,000 பேர் கூடினர். அன்று ஒரு நாளில் மட்டும் 1,00,000 டாலர் சேர்ந்தது. தம் பொருள்களை விளம்பரப்படுத்தக் கோரிய நிறுவனங்களின் உதவியை அவர் ஏற்கவில்லை. தமக்கென ஒரு காசும் கொள்ளவில்லை. அதே நோயால் கால் இழந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அவரைக் காண வந்து, மிதிவண்டியில் அவர் பின்னே சென்றான். ஓட்டத்தின் பயன் இன்னது என்பதை அந்தக் காட்சி உணர்த்தியது.

1980 செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகரின் அருகே இருமலும் நெஞ்சு வலியும் அவரை நிறுத்தின. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் கடந்திருந்தார். பசிபிக் கடலை அவர் கால் தொடவில்லை. இடையில் செய்துகொள்ள வேண்டிய மருத்துவச் சோதனைகளை அவர் தவிர்த்து வந்தார் என்பதையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். அவர்தம் உறுதி போற்றத்தக்கது. உடல்நலம் பேணாமையோ மாணவர் பின்பற்றத்தக்கது அன்று.

மறைவும் தொடர்ச்சியும்

அவர் நின்ற இடத்தில் நாடு ஓடத் தொடங்கியது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று ஒரே நாளில் ஒரு கோடி டாலருக்கு மேல் திரட்டியது. 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரை எட்டியது. கனடாவின் அன்றைய மக்கள்தொகையும் ஏறத்தாழ அதுவே. ஆளுக்கு ஒரு டாலர் என்ற கனவு நிறைவேறியதை அவர் உயிருடன் இருந்து கண்டார். 1981 ஜூன் 28 அன்று, 23-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் முன்னதாக, அவர் உயிர் நீத்தார்.

அவ்வாண்டு செப்டம்பரில் முதல் டெர்ரி ஃபாக்ஸ் ஓட்டம் நடைபெற்றது. 3,00,000 பேர் ஓடினர். அதில் போட்டியில்லை, வென்றோர் இல்லை, பரிசும் இல்லை. குழந்தைகளும் முதியோரும் ஓடலாம், நடக்கலாம். நம்மவர் பலர் தொழில் செய்யும் துபாய், அபுதாபி முதலிய இடங்களிலும், நம் சென்னையிலும் அவர் பெயரால் இவ்வோட்டம் நடந்துள்ளது. இவ்வகையில் இன்றுவரை திரண்ட தொகை 80 கோடி டாலருக்கும் மேல். அவர் காலை இழந்த அதே நோய்க்கு இன்று பெரும்பாலோருக்குக் காலை வெட்டாமலேயே சிகிச்சை செய்ய இயலுகிறது, பிழைப்போரும் பெருகியுள்ளனர். பல நாட்டு ஆய்வாளரின் உழைப்பால் விளைந்தது இது. அவ்வுழைப்புக்கு இவ்வோட்டங்களும் உரமிட்டன.

சீதக்காதி வள்ளலைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, இறந்தவர் எவ்வாறு கொடுக்க இயலும் என்று மாணவர் வினவுவதுண்டு. அவர்களுக்கு இனி டெர்ரியையும் சொல்லலாம். எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு குழந்தை இரு கால்களோடும் எழுந்து வீட்டுக்கு நடக்குமாயின், அந்த நடையில் அவர் விட்டுச்சென்ற தொலைவின் ஒரு பகுதியும் அடங்கியிருக்கிறது.