குண்டு போட்டவர் கையில் ஒரு கைப்பிரதி



இந்த மாதம் ஒரு ஜப்பான் கடற்படை விமானியைப் பற்றிச் சொல்றேன். பெயர் மிட்சுவோ புச்சிடா. 1902-ல் பிறந்து, கடற்படையில் சேர்ந்து, படிப்படியாய் உயர்ந்து விமான அணித் தலைவரானார்.

1941 டிசம்பர் 7, ஞாயிறு காலை. அமெரிக்கரின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய முதல் அணியில் 183 விமானங்கள். அதை நடத்திப் போனவர் இவர்தான். அன்று அமெரிக்கர் 2,403 பேர் மாண்டார்கள். 1942 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம். அப்புறம் நமக்குப் பக்கத்திலேயே வந்துட்டார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. உயிர்த்தெழுதலைக் கொண்டாடும் காலையில் கொழும்பு மேல் குண்டு விழுந்தது. 9-ந் தேதி திருகோணமலை.

ஜூனில் மிட்வே யுத்தம். குடல்வால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் இவர் பறக்கவில்லை. நின்றிருந்த கப்பல் தீப்பிடித்தது. தப்பும்போது கால்கள் முறிந்தன. 1945-ல் ஹிரோஷிமாவில் இருந்தவரை டோக்கியோவுக்கு அழைத்தார்கள். மறுநாள் அங்கே அணுகுண்டு! தேவன் ஒரு நோக்கத்தோடு இவரை வைத்திருந்தார் என்பது என் விசுவாசம்.

யுத்தம் தோற்றது. மனசு நிறைய கசப்பு. அமெரிக்கரும் நம் கைதிகளைக் கொடுமைப்படுத்தியிருப்பார்கள், அதை நிரூபிக்கணும் என்று அலைந்தார். 1947-ல் செத்துப்போனதாய் நினைத்த பழைய கூட்டாளி ஒருவர் கைதியாயிருந்து திரும்பி வந்தார். அவர் சொன்னதோ வேறு. பெக்கி கோவல் என்ற அமெரிக்கப் பெண் தங்களை அன்பாய்ப் பராமரித்தாளாம். அவளுடைய பெற்றோர் மிஷனரிகள். பிலிப்பைன்ஸில் ஜப்பான் வீரர்களால் கொல்லப்பட்டவர்கள். புச்சிடாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

1948-ல் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் ஒருவர் ஒரு கைப்பிரதி கொடுத்தார். அது ஜேக்கப் டிஷேசரின் சாட்சி. ஜப்பான் மேல் குண்டு போட்டுப் பிடிபட்டு, 40 மாதம் சிறையில் வாடி, அங்கே வேதம் வாசித்து இரட்சிக்கப்பட்டு, சத்துருவை மன்னித்த அமெரிக்கர் அவர். புச்சிடா ஒரு வேதாகமம் வாங்கினார். லூக்கா 23-ம் அதிகாரத்தில், தம்மைச் சிலுவையில் அறைந்தவர்களுக்காக இயேசு பிதாவை நோக்கி ஜெபித்ததைப் படித்து உடைந்தார். 1949 செப்டம்பரில் இரட்சிக்கப்பட்டார். அல்லேலூயா! 1950-ல் குண்டு போட்ட இருவரும் சகோதரராய்ச் சந்தித்தார்கள். தான் தாக்கிய அமெரிக்காவுக்கே போய்ச் சுவிசேஷம் சொன்ன புச்சிடா, 1976-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

பிரியமானவர்களே, சூலக்கரையில் இருக்கிற நமக்கு வெடிமருந்து என்ன செய்யும்னு யாரும் சொல்லித்தர வேண்டாம். பட்டாசு ஆலை விபத்தில் புருஷனை, மகளைப் பறிகொடுத்தவர்கள் நம் நடுவில் உண்டு. மன்னியுங்கள் என்று பிரசங்க மேடையில் நின்று சொல்வது எனக்கு லேசு, சுமப்பது நீங்கள். மன்னிப்பது என்றால் நியாயம் கேட்கக்கூடாது என்றல்ல. நஷ்டஈடு கேளுங்கள், வழக்கும் நடத்துங்கள். ஆனால் கசப்பை உள்ளே பூட்டி வைக்காதீர்கள். மருந்து ரூமில் விழுந்த நெருப்புப்பொறி மாதிரி, அது முதலில் எரிப்பது அந்த வீட்டைத்தான்.

புச்சிடாவை எந்தப் பெரிய பிரசங்கியும் முதலில் அசைக்கவில்லை. அடிபட்டவர்கள் மன்னித்தார்களே, அந்தச் சாட்சிதான் அசைத்தது.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுக்கிற வாலிபர்களே, கசக்கிப் போடுறாங்களேன்னு சோர்ந்துபோகாதீர்கள். ஷிபுயாவில் கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கினவர் யார் என்று. கொடுங்கள், விளையச் செய்கிறவர் கர்த்தர். ஆமென்.