கால் முடங்கிய ரூஸ்வெல்ட்டும் பத்துக் காசும்

பத்துக் காசுதானே, இதை வெச்சு என்ன பண்ண முடியும் என்று நாம் சொல்வதுண்டு. அமெரிக்காவில் அந்தப் பத்துக் காசு சேர்ந்துதான் ஒரு கொடிய நோயை மடக்கியது. கேளுங்கள்.

பிராங்ளின் ரூஸ்வெல்ட் 1882-ஆம் ஆண்டு செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 1921-இல், 39-ஆம் வயதில், இளம்பிள்ளைவாதம் தாக்கி இரு கால்களும் முடங்கின. வேறு யாராயிருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். இவரோ ஜார்ஜியா மாநிலத்து வெந்நீர் ஊற்றுக்குச் சுகம் தேடிப் போனவர், 1926-இல் அந்த இடத்தையே வாங்கித் தம்மைப் போன்ற நோயாளிகளுக்குச் சிகிச்சை நிலையமாக்கினார். 1933-இல் நாட்டின் அதிபரும் ஆனார்.

1938-இல் இந்நோய்க்கென ஓர் அறநிறுவனத்தைத் தொடங்கினார். ஆளுக்குப் பத்துக் காசு அதிபர் மாளிகைக்கு அனுப்புங்கள் என்று ஒரு நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டுக்கொண்டார். அப்புறம் என்ன! தபால் மூட்டை மூட்டையாய் வந்து குவிந்தது. சுமார் 26 லட்சத்து 80 ஆயிரம் பத்துக் காசுகள்! மாளிகையின் மற்றக் கடிதங்களைத் தேடி எடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

இப்படி ஆண்டுதோறும் திரண்ட பணம் மூச்சுவிட முடியாத பிள்ளைகளுக்கு இயந்திரமாகவும், நடக்க முடியாதவர்களுக்குக் கால்பட்டையாகவும் ஆனது. டாக்டர் ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் அதுவே கைகொடுத்தது.

ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12-இல் காலமானார். மறு ஆண்டே பத்துக் காசில் அவர் முகத்தைப் பொறித்தார்கள். சரியாகப் பத்தாவது நினைவு நாளில், 1955 ஏப்ரல் 12-இல், சால்க்கின் தடுப்பூசி பலித்துவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. அதைக் காதால் கேட்க அந்த மனுஷருக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை.