மேக்ஸ் மேத்யூஸ்

மேக்ஸ் வெர்னன் மேத்யூஸ் (நவம்பர் 13, 1926 – ஏப்ரல் 21, 2011) ஓர் அமெரிக்க மின்பொறியாளர் ஆவார். ஒலி அலையை எண்களாகக் கணித்து இசை உருவாக்கும் முறையைக் கணினியில் தொடங்கி வைத்தவர். கணினி இசையின் தந்தை என அழைக்கப்படுகிறார். இன்று வீட்டுக் கணினியில் இயங்கும் இசை மென்பொருட்கள் பலவற்றின் அடிப்படைக் கருத்துகள் இவரது நிரல்களில் தோன்றியவை.

வாழ்க்கைச் சுருக்கம்

நெப்ராஸ்கா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் பிறந்தார். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்று, 1954 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1955 முதல் 1987 வரை பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பின்னர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக இருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் தமது 84 ஆவது அகவையில் காலமானார்.

மியூசிக் நிரல்கள்

தொலைபேசிப் பேச்சை ஆராய்வதற்காக, ஒலியைக் கணினிக்குள் செலுத்தவும் மீட்கவும் உதவும் கருவிகளை மேத்யூஸ் உருவாக்கியிருந்தார். அவற்றை இசைக்கும் பயன்படுத்துமாறு இவரது மேலாளர் ஜான் பியர்ஸ் ஊக்கமளித்தார்.

1957 இல் மேத்யூஸ் எழுதிய முதல் மியூசிக் நிரல் ஐபிஎம் 704 கணினியில் இயங்கியது. அதற்கு முன்பும் சில கணினிகள் மெட்டுகளை ஒலித்ததுண்டு. ஆனால் அவை ஒலிபெருக்கிக்குத் துடிப்புகளை அனுப்பின. அலை வடிவத்தைக் கணிக்கவில்லை. மேத்யூஸின் முறையில் ஒரு நொடி ஒலிக்கு ஆயிரக்கணக்கான எண்கள் கணிக்கப்பட்டன. நியூயார்க்கில் இருந்த கணினி அவற்றைக் காந்த நாடாவில் பதிந்தது. அந்நாடாவை நியூஜெர்சியிலுள்ள ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு சென்று, எண்களை மின்னலையாக மாற்றும் கருவியில் இட்ட பின்னரே இசையைக் கேட்க முடிந்தது. அக்கருவியின் பணியை இன்று கணினியின் ஒலி அட்டை செய்கிறது. நியூமன் குட்மன் இயற்றிய முதல் ஆக்கம் 17 நொடிகள் நீடித்தது.

முதல் நிரலால் ஒரே குரலை மட்டுமே ஒலிக்க முடிந்தது. 1960 அளவில் வந்த மூன்றாம் நிரலில், அலை எழுப்புதல், கூட்டுதல் போன்ற சிறு கூறுகளைப் பயனரே இணைத்துப் புதிய இசைக்கருவிகளை அமைக்க வழி செய்தார். 1968 இல் போர்ட்ரான் மொழியில் எழுதப்பட்ட ஐந்தாம் நிரல் வெவ்வேறு கணினிகளிலும் இயங்கியது. சிசவுண்ட் மென்பொருள் இம்மரபில் வந்ததாகும்.

1961 இல் பெல் ஆய்வுக்கூடக் கணினி பாடிய டெய்சி பெல் பாடலுக்குப் பின்னணி இசையை அமைத்தவரும் இவரே. அதனைக் கேட்ட எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 2001: எ ஸ்பேஸ் ஒடிசி (1968) கதையில் கணினி அப்பாடலைப் பாடுவதாக அமைத்தார்.

இசைப்போர் கட்டுப்பாடு

எந்த ஒலியையும் கணிக்க முடிந்தபோதும், வாசிக்கும்போதே அதனை மாற்ற இசைப்போரால் இயலவில்லை. இக்குறையைப் போக்கவே மேத்யூஸ் பின்னாளில் பெரிதும் உழைத்தார். 1970 இல் ரிச்சர்ட் மூருடன் உருவாக்கிய குரூவ் அமைப்பில், இசைப்பவர் குமிழ்களைத் திருப்ப, கணினி அவ்வசைவுகளைப் பதிந்து மின்னிசைக் கருவியை இயக்கியது. ரேடியோ பேட்டன் கருவியில், இரு கோல்களை அசைத்து இசையின் வேகத்தையும் உரப்பையும் மாற்றலாம்.

நினைவு

1980களில் மில்லர் பக்கெட் பாரிசிலுள்ள இர்காம் நிறுவனத்தில் உருவாக்கிய மேக்ஸ் மென்பொருள், இவரைச் சிறப்பிக்கும் வகையில் பெயரிடப்பட்டது.

இவற்றையும் பார்க்க

கணினி இசை
மின்னணு இசை
ஒலி அட்டை